ஐ2எஸ் டிரைவர்: 44.1ல் மட்டும் ஒலி அறுந்து கரகரக்கிறது, 48ல் இல்லை

#1 பலகைவாசி

மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். ஒற்றைக் கோர் ஆர்ம் சிப் உள்ள சிறு பலகை. ஐ2எஸ் (சிப்களுக்கிடையே டிஜிட்டல் ஒலியைக் கொண்டுபோகும் இணைப்பு) வழியாக ஒரு கோடெக் (டிஜிட்டலை ஒலி அலையாக்கும் சிப்), அதன் பின்னால் ஸ்பீக்கர். கர்னல் 5.10, சிப் செய்தவர்கள் தங்கள் திருத்தங்களைச் சேர்த்துக் கொடுத்தது. டிஎம்ஏ (சிபியு கை வைக்காமல் தரவை நகர்த்தும் பகுதி) டிரைவர் அவர்களுடையது. ஐ2எஸ் டிரைவரை மட்டும் பழைய பலகை ஒன்றிலிருந்து எடுத்து நான் இதற்கு மாற்றி எழுதினேன்.

நோய் இதுதான். எங்கள் பிளேயரில் 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பு தெளிவாக ஓடுகிறது. 44.1 கோப்பு என்றால் சில நொடிக்கு ஒருமுறை ஒலி அறுகிறது. அறாத நேரத்திலும் தொண்டை கட்டியவர் பாடுவது போல ஒரு கரகரப்பு. அதே 44.1 கோப்பை, லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவோடு வரும் ஏப்ளே கட்டளையில் நேராக விட்டால் ஒரு குறையும் இல்லை.

பிளேயர் கேட்பது 10 மில்லிவினாடி பீரியட் (ஒவ்வொன்று முடியும்போதும் வன்பொருள் இன்டரப்ட் அடித்துச் சிபியுவைக் கூப்பிடும் தரவுத் துண்டு), அதில் நான்கு சேர்ந்தது பஃபர். பஃபரை 16 பீரியடாக்கிப் பார்த்தேன். அறுவது கொஞ்சம் குறைந்தது, கரகரப்பு அப்படியே. கர்னல் லாகில் எக்ஸ்ரன் (பஃபர் வறண்டு ஓட்டம் நிற்பது) என்று தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை. எந்த நுனியைப் பிடித்து இழுப்பது?

#2 வேகமுள்

ஏப்ளேயில் சரி, பிளேயரில் தப்பு. அப்புறம் என்ன சந்தேகம்? பிளேயர்தான். அதன் ஒலித் திரிக்கு ஃபிஃபோ வகை நிகழ்நேர முன்னுரிமை 50 கொடுங்கள், சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

#3 பழையவயர்

மீதிப் பாதிப் பேர் அதைச் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி வருவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஒலி அறுகிறது என்றால் யாரோ ஒருவர் தாமதம். யார் என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. இதில் இரண்டு கைமாற்றங்கள் உண்டு. பிளேயர் ஆல்சா பஃபரில் தரவை ஊற்றுகிறது, அது ஒன்று. அந்தப் பஃபரிலிருந்து டிஎம்ஏ அள்ளிக்கொண்டு போய் ஐ2எஸ் வன்பொருளின் ஃபிஃபோவில் (உள்ளே இருக்கும் சிறு வரிசைத் தேக்கத்தில்) போடுகிறது, அது இன்னொன்று. முதலாவதில் தாமதம் என்றால் ஆல்சா அதை எக்ஸ்ரன் என்று கண்டுகொள்ளும். இரண்டாவதில் தாமதம் என்றால் ஆல்சாவுக்கு ஒன்றுமே தெரியாது. ஃபிஃபோ வறண்டதை வன்பொருளின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் மட்டும்தான் சொல்லும். பலர் அந்த பிட்டைப் படிப்பதே இல்லை.

பஃபரைப் பெருக்குவது முதல் தாமதத்துக்கு மட்டுமே மருந்து. ஃபிஃபோ 32 வார்த்தை ஆழம் என்றால், பஃபரை நீங்கள் ஒரு நிமிட அளவுக்குப் பெருக்கினாலும் அது 32தான்.

உங்களுக்கு அறுவது குறைந்தது, கரகரப்பு குறையவில்லை என்கிறீர்கள். எனக்கு இது இரண்டு நோய் போலத் தெரிகிறது. ப்ராக் கோப்பகத்தில் அசவுண்டின் கீழ் அந்த பிசிஎம்முக்கு உள்ள எச்டபிள்யூ பாரம்ஸ் கோப்பைப் பாட்டு ஓடும்போதே படித்துப் போடுங்கள். பாட்டு நின்றபின் படித்தால் வெறுமனே மூடியிருக்கிறது என்றுதான் சொல்லும்.

#4 பலகைவாசி

பிளேயர், 44.1: 16 பிட், இரு சேனல், பீரியட் 441 ஃப்ரேம் (ஃப்ரேம் என்றால் எல்லாச் சேனலுக்கும் ஒவ்வொரு சாம்பிள்), பஃபர் 1764 ஃப்ரேம்.
பிளேயர், 48: பீரியட் 480, பஃபர் 1920.
ஏப்ளே, 44.1: பீரியட் 5512, பஃபர் 22048.

முன்னுரிமை, கவர்னர் இரண்டையும் செய்து பார்த்தேன். மாற்றமில்லை. கோப்பை நினைவகத்தில் உள்ள தற்காலிகக் கோப்பகத்துக்கு நகலெடுத்தும் பார்த்துவிட்டேன், ஆகவே எஸ்டி கார்டின் மேல் பழி போட முடியாது.

#5 கடிகாரப்பூச்சி

48 நன்றாக ஓடி 44.1 கெடுகிறது என்றால் என் கண் முதலில் போவது பிஎல்எல் (கடிகார வேகத்தை உருவாக்கும் சுற்று) பக்கம். 48க்கு மாஸ்டர் கடிகாரம் 12.288 மெகாஹெர்ட்ஸ், 44.1க்கு 11.2896. இரண்டுமே வேகத்தின் 256 மடங்கு. ஒரே பிஎல்எல்லில் எளிய வகுத்தலால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ முடியாது. பழைய பலகையின் எண்களை அப்படியே கொண்டுவந்திருந்தால் 44.1 கேட்கும்போது ஏதோ பக்கத்து எண் வந்து விழும்.

இன்னொன்று. கடிகாரத்தை யார் தருவது என்பதில் கோடெக்கும் சிப்பும் ஒத்துப்போகின்றனவா? இரண்டுமே தந்தால் ஒரு கம்பியில் இரண்டு பேர் மோதுவார்கள். அப்போதும் இப்படி ஒரு கரகரப்பு வரும்.

#6 பலகைவாசி

ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். இடது வலது கடிகாரம் 44.1 ஓடும்போது 44,100. எண்ணும் கருவி வைத்தும் அளந்தேன், கடைசி இலக்கம்தான் ஆடுகிறது. பிட் கடிகாரம் அதன் 32 மடங்கு, 1.4112 மெகாஹெர்ட்ஸ், அலை சுத்தம். கோடெக்தான் கடிகாரம் தருகிறது, சிப் வாங்கிக்கொள்கிறது. மோதல் இல்லை.

#7 கடிகாரப்பூச்சி

சரி, என் ஆள் இல்லை. உண்மையில் 48க்கான கடிகாரத்திலேயே 44.1 ஓடியிருந்தால் வேகம் 8.8 சதவீதம் கூடி, குரல் ஒரு அரைச்சுரத்துக்கும் மேலே ஏறியிருக்கும். அது காதுக்கே தெரிந்திருக்கும்.

#8 இன்னொருபலகை

எனக்கும் இதே பிரச்சினை! வேறு சிப், வேறு கர்னல். பல்ஸ்ஆடியோ (நிரல்களின் ஒலியை வாங்கி ஆல்சாவுக்குத் தரும் சேவை) வழியாக எது ஓடினாலும் டப் டப் என்று வெடிக்கிறது. நேராக வன்பொருளுக்கு விட்டால் சுத்தம். தீர்வு கிடைத்ததா?

#9 பழையவயர்

இன்னொருபலகை, உங்களுடையது இதே பிரச்சினை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். பல்ஸ்ஆடியோ வழக்கமாகப் பீரியட் இன்டரப்டை நம்பி ஓடாது. தானே ஒரு டைமர் வைத்துக்கொண்டு, வன்பொருள் இப்போது எந்த இடத்தைப் படிக்கிறது என்று பாயிண்டரைக் கேட்டு, கடைசி நேரத்தில் தரவை ஊற்றும். டிரைவர் ஒவ்வொரு சாம்பிளுக்கும் சரியான இடத்தைச் சொன்னால்தான் இது நடக்கும். பீரியட் முடிந்தால் மட்டும் பாயிண்டரை நகர்த்தும் டிரைவர் என்றால் கணக்கு தப்பிவிடும். சோதனைக்கு அதன் ஆல்சா தொகுதியில் டிஸ்கெட் (tsched, இந்த டைமர் முறைக்கான அமைப்பு) என்பதைப் பூஜ்யமாக்குங்கள். வெடிப்பு நின்றால் குற்றம் டிஎம்ஏ டிரைவர் சொல்லும் மீத (இன்னும் அனுப்பாத) அளவில். தன்னால் எவ்வளவு நுணுக்கமாக மீதத்தைச் சொல்ல முடியும் என்று அது அறிவிக்கும் இடத்தில் பொய் இருக்கும். உண்மையை அறிவித்தால் ஆல்சா தானாகவே பேட்ச் கொடியை (இடம் துண்டு துண்டாகத்தான் நகரும் என்ற குறியை) ஏற்றிவிடும், பல்ஸ்ஆடியோவும் டைமர் வித்தையைக் கைவிடும்.

பலகைவாசி, உங்களிடம் வருகிறேன். அதே அசவுண்ட் கோப்பகத்தில் ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் ட்ரிகர் டைம் என்ற வரி. ஓட்டம் தொடங்கிய நேரம் அது. பாட்டு நடுவில் அந்த எண் மாறினால், ஓட்டம் ஒருமுறை செத்து மறுபடி எழுந்திருக்கிறது என்று பொருள்.

#10 பலகைவாசி

மாறுகிறது! ஒலி அறும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. அப்படியானால் எக்ஸ்ரன் வருகிறதா? லாகில் ஏன் இல்லை?

#11 பழையவயர்

லாகில் அது சாதாரணமாக வராது. கர்னல் கட்டும்போது எக்ஸ்ரன் டீபக் வசதியைச் சேர்த்து, அப்புறம் எக்ஸ்ரன் டீபக் கோப்பில் 1 எழுதினால்தான் கர்னல் வாய் திறக்கும். உங்கள் பிளேயரோ பிழை வந்ததும் ஆல்சா நூலகத்தின் ரெக்கவர் அழைப்பை, சத்தம் போடாதே என்ற கொடியோடு அழைக்கிறது என்று நினைக்கிறேன். கோடைத் திறந்து பாருங்கள்.

#12 பலகைவாசி

அப்படியேதான். முன்பு வேலை பார்த்தவர் எழுதியது, கொடி 1. ஒரு வரிக் குறிப்பும் இல்லை. எக்ஸ்ரனை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

#13 நடுநிசி

குறுக்கே வருகிறேன். லாகில் எக்ஸ்ரன் என்று *தேடினேன்* என்றுதான் சொன்னீர்கள். முழு லாகையும் படித்தீர்களா? பாட்டு ஓடும்போது வரும் கடைசி முப்பது வரியை அப்படியே போடுங்கள்.

#14 பலகைவாசி

முப்பது வரியும் ஒரே வரிதான். டிஎம்ஏ டிரைவர் எச்சரிக்கிறது: சேனல் இத்தனை, முகவரி இத்தனை, நீளம் 1764, மீதம் 4. இது சிப்காரர்களுடைய பழைய டீபக் வரி என்று நினைத்து விட்டுவிட்டேன். ஒலி வராமல் போகவில்லையே.

#15 நடுநிசி

அந்த வரி எத்தனை எழுத்து? எண்பது இருக்குமா? பீரியடுக்கு ஒன்று என்றால் நொடிக்கு நூறு வரி, 8,000 எழுத்து. சீரியல் கன்சோல் 115200ல் இருந்தால் ஓர் எழுத்துக்குப் பத்து பிட், நொடிக்கு 11,520 எழுத்துக்கு மேல் போகாது. அதாவது ஒவ்வொரு வரியும் வெளியே போக ஏறத்தாழ 7 மில்லிவினாடி. 5.10ல் அந்த நேரம் முழுக்க அந்தக் கோரில் இன்டரப்ட் அடைக்கப்பட்டிருக்கும். உங்களிடம் இருப்பதோ ஒரே கோர். பத்தில் ஏழு பங்கு நேரம் உங்கள் பலகை சீரியல் போர்ட்டுக்குக் கூலி வேலை பார்க்கிறது. மிஞ்சிய மூன்று பங்கில் கோப்பைப் படித்துப் பஃபரை நிரப்ப வேண்டும்.

எஸ்எஸ்எச் வழியாக வேலை பார்க்கிறீர்கள், கேபிள் செருகவில்லை, அதனால் கண்ணில் படவில்லை. சரிதானே? கேபிள் இல்லாவிட்டாலும் எழுத்து வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும்.

ஏப்ளே ஏன் தப்பித்தது என்பதும் இதில் அடங்கிவிடும். பீரியட் 125 மில்லிவினாடி, நொடிக்கு எட்டு முறைதான் இன்டரப்ட். அதிலும் இந்த வரி வருகிறதா என்று பாருங்கள்.

#16 பலகைவாசி

ஏப்ளேயில் வரி வரவே இல்லை. 48லும் வரவில்லை. கேபிள் விஷயம் உண்மை, எட்டிப் பார்த்தது போலச் சொல்லிவிட்டீர்கள்.

டிமெசேஜில் கன்சோல் அளவை 1 ஆக்கினேன். அறுவது அப்படியே நின்றுவிட்டது! இருபது நிமிடமாக ட்ரிகர் டைம் அசையவில்லை. மிக்க நன்றி. முடிந்தது என்று குறித்துவிடலாமா?

#17 வேகமுள்

கரகரப்பு?

#18 பலகைவாசி

...இருக்கிறது. சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது போல. 440 ஹெர்ட்ஸ் சைன் அலை விட்டால் பின்னால் ஒரு ரீங்காரம், சீராக, குளவி சுற்றுவது போல.

#19 பழையவயர்

அறுந்தது எச்சரிக்கை அச்சானதால். எச்சரிக்கை எதற்கு வந்தது என்பது இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. வாயைக் கட்டிவிட்டோம், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு எடுங்கள். ப்ராக் இன்டரப்ட்ஸ் கோப்பில் அந்த டிஎம்ஏ சேனலின் எண்ணிக்கையைப் பாட்டு நடுவில் ஒருமுறை, சரியாக 100 நொடி கழித்து ஒருமுறை குறித்து, கழித்துப் பாருங்கள். பீரியட் 441, வேகம் 44,100. ஆகவே 10,000 வர வேண்டும். அப்புறம் சரியாக 10 நிமிடம் உள்ள ஒரு கோப்பை ஓடவிட்டு எப்போது முடிகிறது என்று நேரம் பாருங்கள்.

#20 பலகைவாசி

இன்டரப்ட்: 10,023. மூன்று முறை எடுத்தேன், ஒன்று முன்னே பின்னே.
10 நிமிடக் கோப்பு: 598.6 நொடியில் முடிந்துவிடுகிறது.

கடிகாரம் வேகமாக ஓடுகிறதா? ஆனால் அளந்தேனே.

#21 கடிகாரப்பூச்சி

கடிகாரம் சரி. 44,100ஐ 440ஆல் வகுத்துப் பாருங்கள். 100.227. நூறு நொடிக்கு 10,022.7. உங்கள் டிஎம்ஏ ஒரு பீரியடுக்கு 441 ஃப்ரேம் அனுப்பவில்லை. 440 அனுப்பிவிட்டு முடிந்தது என்று இன்டரப்ட் அடிக்கிறது. 600 நொடியை 440/441ஆல் பெருக்கினால் 598.64. இரண்டு அளவும் ஒரே ஆளைக் காட்டுகின்றன.

ஒரு ஃப்ரேம் 4 பைட். மீதம் 4 என்று முதல் நாளிலிருந்தே அது கத்திக்கொண்டிருந்தது!

#22 நடுநிசி

ஐ2எஸ் டிரைவரில் டிஎம்ஏக்கு மேக்ஸ்பர்ஸ்ட் (ஒரே வீச்சில் அனுப்பும் அதிகபட்ச அளவு) எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்? 8 வார்த்தையா? அப்படியானால் ஒரு வீச்சுக்கு 32 பைட். 1764ஐ 32ஆல் வகுத்தால் 55, மீதி 4. கடைசி அரைகுறை வீச்சை இந்தக் கன்ட்ரோலர் அனுப்பாமல் விட்டுவிடுகிறது. 480 ஃப்ரேம் என்றால் 1920 பைட், சரியாக 60 வீச்சு. ஏப்ளேயின் 5512 என்றால் 22,048 பைட், சரியாக 689 வீச்சு. 48க்கும் 44.1க்கும் இடையே தகராறே இல்லை. 441 எட்டின் மடங்காகப் பிறக்காததுதான் தகராறு.

#23 பலகைவாசி

8 வார்த்தைதான். பழைய பலகையிலிருந்து வந்த எண். அங்கே கன்ட்ரோலர் மீதியை ஒவ்வொன்றாக அனுப்பிவிடும், அதனால் யாரும் கவனிக்கவில்லை.

உறுதிப்படுத்த ஒரு சோதனை செய்தேன். ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒன்று கூடும் எண் வரிசையைக் கோப்பாக்கி ஓட்டி, ஐ2எஸ் தரவுக் கம்பியில் லாஜிக் அனலைசர் மாட்டிப் பிடித்தேன். 0 முதல் 439 வரை வருகிறது. 440 இல்லை. அடுத்தது 441. பிறகு 880 வரை வந்து 881 இல்லை. குளவி யார் என்று தெரிந்துவிட்டது. நொடிக்கு நூறு தடவை ஓர் ஓட்டை.

ஆல்சா ஏன் முறையிடவில்லை என்பதும் புரிந்தது. பாயிண்டரை நான் பீரியட் எண்ணிக்கையை 441ஆல் பெருக்கித்தான் சொல்கிறேன். நான் சொன்ன பொய்யை அது நம்பியது.

#24 வேகமுள்

அப்படியானால் மேக்ஸ்பர்ஸ்டை 1 ஆக்குங்கள். ஒரு வார்த்தை வீச்சு என்றால் மீதியே வராது. ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

#25 பலகைவாசி

செய்தேன். ரீங்காரம் போய்விட்டது. ஆனால் திரையில் பட்டியலை வேகமாக உருட்டினால் எப்போதாவது ஒரு டப். சில சமயம் அதற்குப் பிறகு இடதும் வலதும் இடம் மாறிவிடுகின்றன! ட்ரிகர் டைம் மாறவில்லை.

#26 பழையவயர்

ட்ரிகர் டைம் மாறாமல் டப் வந்தால் அது நான் மூன்றாவது பதிவில் சொன்ன இரண்டாவது கைமாற்றம். ஒவ்வொரு வார்த்தைக்கும் தனித்தனியாகப் பஸ்ஸில் இடம் கேட்டு நிற்கிறது உங்கள் டிஎம்ஏ. எட்டு மடங்கு வேண்டுகோள். திரைக் கன்ட்ரோலர் நினைவகத்தை மொத்தமாக இழுக்கும் நேரத்தில் ஒலிக்கு முறை வருவதில்லை. 32 வார்த்தை ஃபிஃபோ, வார்த்தைக்கு ஒரு ஃப்ரேம் என்றால் முழுதாக நிரம்பியிருந்தாலும் 0.73 மில்லிவினாடிக்குத்தான் தாங்கும். சேனல் இடம் மாறுவது ஃபிஃபோ வறண்டதன் கையெழுத்து. வறண்ட பின் ஒரு சாம்பிள் தள்ளி எழுந்திருக்கிறது. அந்த ஸ்டேட்டஸ் பிட்டைப் படித்தால் தெரிந்துவிடும்.

மேக்ஸ்பர்ஸ்டை 8லேயே விடுங்கள். டிரைவரின் ஸ்டார்ட்அப்பில் ஆல்சாவுக்கு ஒரு நிபந்தனை போடுங்கள்: பீரியட் பைட்டுகள் 32இன் மடங்காக மட்டுமே இருக்கலாம். கன்ஸ்ட்ரெயின்ட் ஸ்டெப் என்று ஓர் அழைப்பு உண்டு. ஃப்ரேம் கணக்கில் போடாதீர்கள், பைட் கணக்கில் போடுங்கள். இரு சேனல் 16 பிட்டுக்கு 8 ஃப்ரேம், ஒரு சேனலுக்கு 16 ஃப்ரேம் என்று அது தானே பிரித்துக்கொள்ளும். ஃப்ரேம் கணக்கில் 8 என்று போட்டுவிட்டால் மோனோ கோப்பு வரும் நாளில் மறுபடி இங்கே வந்து நிற்பீர்கள்.

#27 நடுநிசி

ஒரு எச்சரிக்கை. நிபந்தனை போட்டதும் பிளேயர் திறக்காமல் போகலாம். 441தான் வேண்டும் என்று கறாராகக் கேட்கும் அழைப்பு இனிப் பிழையோடு திரும்பும். அதற்குப் பதில் நியர் என்று முடியும் அழைப்பைப் பயன்படுத்தி, கிடைத்தது என்ன என்று திரும்பப் படியுங்கள்.

கன்சோல் அளவை 1 ஆக்கியதையும் திரும்ப வையுங்கள். அந்த எச்சரிக்கை வரியை, எத்தனை முறை அச்சாகலாம் என்று வரம்பு கட்டும் வகைக்கு மாற்றுங்கள். இன்டரப்ட் பாதையில் வரம்பில்லாமல் அச்சடிப்பவர்கள் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

#28 பலகைவாசி

சொன்னபடி எல்லாம் செய்தேன். பிளேயர் முதலில் திறக்கவில்லை, நியருக்கு மாற்றியதும் 440 கிடைத்தது. ரெக்கவர் கொடியை 0 ஆக்கிவிட்டேன், இனி விழுங்காது.

இன்டரப்ட் 100 நொடிக்கு மறுபடியும் 10,023! ஒரு நிமிடம் நெஞ்சே நின்றுவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, பீரியடே இப்போது 440, அதுதான் சரியான எண். 10 நிமிடக் கோப்பு 600.0 நொடியில் முடிகிறது. எண் வரிசையில் ஓட்டை இல்லை. இரவு முழுக்க ஓடவிட்டேன், திரையைத் தானாக உருட்டும் நிரலோடு சேர்த்து. ட்ரிகர் டைம் அசையவில்லை, ஃபிஃபோ பிட்டும் எழவில்லை.

#29 பழையவயர்

மோனோ?

#30 பலகைவாசி

அதையும் பார்த்தேன். பீரியட் 448 கிடைத்தது, 896 பைட், 28 வீச்சு. சுத்தம்.

#31 இன்னொருபலகை

டிஸ்கெட்டைப் பூஜ்யமாக்கினேன், டப் டப் நின்றுவிட்டது. பிறகு டிஎம்ஏ டிரைவரைத் திறந்து பார்த்தால், பர்ஸ்ட் அளவுக்கு நுணுக்கமாக மீதம் சொல்வேன் என்று அறிவித்துவிட்டு, பீரியட் முடியும்வரை ஒரே எண்ணைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கிறது. அறிவிப்பைத் திருத்திவிட்டு டிஸ்கெட்டைப் பழையபடி வைத்தேன். இப்போதும் சுத்தம். ஒலியளவைக் கூட்டினால் மட்டும் ஒரு கணம் கழித்துத்தான் காதுக்குத் தெரிகிறது. பீரியடைச் சின்னதாக்கிப் பார்க்கிறேன். 441 வைக்க மாட்டேன்.